மாட்டுக்கு ஆன்டிபயாடிக் போடலாமா? பால் சங்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓமலூர் பக்கம் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் பதினோரு வருடமாகப் பால் பரிசோதகராக இருக்கிறேன். காலை ஐந்தரைக்குக் கேன் வந்து நிற்பதற்குள் நாலு பேராவது மாட்டு வைத்தியம் கேட்டுவிடுவார்கள். பிறந்த வீடு ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கம். அங்கே போனாலும் இதே சந்தேகங்கள்தான், கூடவே ஆடும் கோழியும் சேர்ந்துகொள்ளும்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் வரும்போதெல்லாம் கேட்டு நோட்டில் குறித்து வைத்ததைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். ஆன்டிபயாடிக்கின் அளவை எங்கேயும் எழுதவில்லை. மாட்டின் எடையையும் நோயையும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியது அது. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

கிருமின்னா எல்லாம் ஒண்ணுதானே அக்கா? பாக்டீரியா, வைரஸ்னு எதுக்குப் பிரிக்கிறாங்க?

ஒன்றில்லை. பாக்டீரியா தானாகச் சாப்பிட்டு, தானாகப் பெருகும் ஓர் உயிர். சாணத்தில், சேற்றில், நம் கையில், மாட்டின் வயிற்றில் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. அதில் பெரும்பாலானவை கெடுதல் செய்யாதவை. பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான். வைரஸ் அதைவிடப் பல மடங்கு சிறியது. மாட்டின் உடம்பு அணுவுக்குள் நுழைந்து, அந்த அணுவை வைத்துத்தான் பெருகும்.

மருந்து போடும்போது இந்த வித்தியாசம் முக்கியமாகிவிடுகிறது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டும்தான் தாக்கும். வைரஸை அது தொடவே தொடாது.

எங்க மாட்டுக்கு வந்திருக்கிறது எந்த வகைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நம் பக்கம் அடிக்கடி வரும் நோய்களை மட்டும் சொல்கிறேன். மடிநோய், தொண்டை அடைப்பான், சப்பை நோய், அடைப்பான், ஆட்டுக்கு வரும் துள்ளுமாரி, சினையிலேயே கன்று விழச் செய்யும் கன்று வீச்சு நோய் ஆகியவை பாக்டீரியாவால் வருபவை. கோமாரி, தோல் கழலை நோய், ஆட்டுக்கொல்லி, கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் ஆகியவை வைரஸால் வருபவை. உண்ணி கடித்து வரும் தைலேரியா காய்ச்சல் இரண்டிலும் சேராது. அது ரத்தத்தில் வாழும் ஓரணு உயிரால் வருகிறது, அதற்கு மருந்தே வேறு.

ஆனால் காய்ச்சல், தீனி எடுக்காமை, பால் குறைவு எல்லா நோயிலும் வரும். கொட்டாயில் நின்று பார்த்தே இன்ன நோய் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. மருத்துவர் வரும்வரை காய்ச்சலின் அளவு, சாணம் எப்படி இருக்கிறது, எப்போதிலிருந்து தீனி எடுக்கவில்லை, பக்கத்து மாடுகளுக்கும் இருக்கிறதா என்பதைக் கவனித்து வையுங்கள். மருத்துவர் முடிவெடுக்க அது பாதி உதவி.

கோமாரி வைரஸ்னு சொன்னீங்க. அப்புறம் ஏன் டாக்டரே கோமாரி மாட்டுக்கு ஆன்டிபயாடிக் போட்டாரு?

நல்ல கேள்வி. கோமாரியில் வாயும் குளம்பிடுக்கும் புண்ணாகிவிடும். அந்தப் புண் வழியாக பாக்டீரியா ஏறும், சில சமயம் நிமோனியாவும் சேரும். அதைத் தடுக்கத்தான் அவர் போட்டிருப்பார். கோமாரி வைரஸ் தன் நாட்கள் முடிந்து தானாகப் போகும். புண் இல்லாத, லேசான காய்ச்சல் மட்டும் உள்ள மாட்டுக்கு மருத்துவர் போடாமல் விட்டால் அவர் சரியாகத்தான் செய்கிறார். "ஊசியே போடாம போயிட்டாரு" என்று அவரைக் குறை சொல்லாதீர்கள்.

ஆன்டிபயாடிக் உள்ள போய் என்னதான் பண்ணுது?

பாக்டீரியாவைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. மாட்டின் அணுவுக்கு அப்படிப்பட்ட உறை கிடையாது. பென்சிலின் அந்த உறையைக் கட்டவிடாமல் செய்கிறது. உறை இல்லாமல் பாக்டீரியா வெடித்துச் சாகும், மாட்டின் அணுவுக்கு ஒன்றும் ஆகாது. ஆக்சிடெட்ராசைக்ளின் வேறு விதம். பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்யவிடாமல் நிறுத்திவைக்கும். மிச்ச வேலையை மாட்டின் சொந்த எதிர்ப்புச் சக்தி முடிக்கும். அதனால்தான் மெலிந்து வலுவிழந்து கிடக்கும் மாட்டுக்கு அதே மருந்து அவ்வளவாகக் கேட்பதில்லை.

பென்சிலினை 1928 இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டார். தட்டில் வளர்த்த பாக்டீரியாவின் மேல் பூஞ்சை விழுந்து, சுற்றியிருந்த பாக்டீரியா கரைந்துபோயிருந்தது. 1945 இல் நோபல் பரிசு வாங்கும்போதே, குறைந்த அளவில் போட்டால் கிருமி மருந்தைத் தாங்கப் பழகிவிடும் என்று அவர் எச்சரித்தார். இதை நான் வேண்டுமென்றே இங்கே சொல்கிறேன். கீழே பல கேள்விகளுக்கு அதுதான் பதில்.

டாக்டர் போடுற ஊசி எல்லாமே ஆன்டிபயாடிக்தானா?

இல்லை. காய்ச்சலும் வலியும் குறைய ஒன்று, ஒவ்வாமைக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று, ஈன்ற மாடு எழ முடியாமல் கிடந்தால் கால்சியம் என்று தனித்தனி. காய்ச்சல் ஊசி போட்ட அன்று சாயங்காலமே மாடு தீனி எடுக்கும். "ஆன்டிபயாடிக் கேட்டுடுச்சு" என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். அன்று குறைந்தது காய்ச்சல் மட்டும்தான். என்னென்ன மருந்து போட்டார் என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள்.

ஆன்டிபயாடிக் நல்லதா, கெட்டதா? சுருக்கமாச் சொல்லுங்க.

நல்லது. தொண்டை அடைப்பான் வந்த எருமை ஒன்றிரண்டு நாளில் மூச்சு முட்டிச் செத்துவிடும். தொடக்கத்திலேயே சரியான மருந்து போனால் பிழைக்கும். சப்பை நோய் நல்ல கொழுத்த இளங்கன்றுகளைத்தான் தேடிப் பிடிக்கும். தொடை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று சத்தம் வரும். அங்கேயும் முதல் சில மணி நேரத்துப் பென்சிலின்தான் உயிர். ஒரு கறவை மாட்டை நம்பி இருக்கும் வீட்டுக்கு அந்த ஒரு பாட்டிலின் மதிப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

கெடுதலும் உண்டு. சில மாடுகளுக்குப் பென்சிலின் ஒவ்வாமல் ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே உடம்பு தடித்து, மூச்சுத் திணறி விழும். ஜென்டாமைசின் அளவு மீறினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். பாலிலும் கறியிலும் முட்டையிலும் மருந்து தங்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல், கிருமி மருந்துக்கு மசியாமல் போவது.

மாத்திரையா கொடுத்துட்டா ஈஸிதானே, ஊசி எதுக்கு?

வளர்ந்த மாடும் ஆடும் அசை போடும் பிராணிகள். தின்ற வைக்கோலை மாடு நேராகச் செரிப்பதில்லை. பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்துத்தான் அது சத்தாகிறது. வாய் வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்தால் அந்தக் கூட்டம் அழியும். மாடு அசை போடாது, தீனி எடுக்காது, பால் விழுந்துவிடும். பிறந்து சில வாரமே ஆன கன்றுக்குப் பெருவயிறு இன்னும் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அதனால் கன்றுக்கு மட்டும் மருத்துவர் சில நேரம் வாய்வழி மருந்து எழுதுவார்.

மடி கல்லு மாதிரி ஆயிடுச்சு. காம்புல ட்யூப் ஏத்திடலாமா?

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மடிக்கு நாலு பங்கு, நாலும் தனித்தனி அறை. ஒன்று கெட்டால் மற்ற மூன்றும் நன்றாக இருக்கலாம். முதலில் கருப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் நாலு பீச்சைத் தனியாகக் கறந்து பாருங்கள். திட்டுத்திட்டாக, தண்ணியாக, ரத்தம் கலந்து வருவது எந்தக் காம்பு என்று தெரிந்துவிடும். அந்தக் காம்பைக் கடைசியில் கறக்க வேண்டும். அதன் பாலைத் தரையில் பீச்சாமல் ஒரு சட்டியில் பிடித்துத் தூரக் கொட்டுங்கள். கறந்த கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுத்த மாட்டைத் தொடக் கூடாது.

காம்புத் துளை வழியாக மருந்து ட்யூப் ஏற்றுவதற்கு முன் மடியை முழுக்கக் கறந்து காலியாக்க வேண்டும். உள்ளே கெட்ட பால் தேங்கியிருந்தால் மருந்து அதிலேயே கரைந்து வீணாகும். காம்பு நுனியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் நன்றாகத் துடைத்த பிறகுதான் ட்யூபின் மூக்கு உள்ளே போக வேண்டும். துடைக்காமல் ஏற்றினால் நுனியில் இருக்கும் சாணக் கிருமியை நாமே உள்ளே தள்ளுகிறோம். இருந்த நோய் போய், அதைவிட மோசமானது வந்த மாடுகளைப் பார்த்திருக்கிறேன். மடி நீலம் பாய்ந்து, தொட்டால் சில்லென்று இருந்தால் ட்யூபை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். அன்றே, அந்த மணி நேரமே மருத்துவர் பார்க்க வேண்டும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

முடிந்தால் முதல் ஊசிக்கு முன்னாலேயே கொஞ்சம் பாலைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து வையுங்கள். ஏன் என்பதைக் கீழே விலை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

பாலைப் பார்த்தா நல்லாத்தான் இருக்கு. ஆனா அளவு மட்டும் குறையுது. இதுவும் மடிநோயா?

இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத மடிநோய் என்று ஒன்று இருக்கிறது. மடியில் வீக்கம் இருக்காது, பாலில் திட்டு இருக்காது, உள்ளே மட்டும் கிருமி இருக்கும். அதற்கு ஒரு சோதனைத் திரவம் உண்டு. தட்டில் பாலும் அதுவும் சம அளவு விட்டுச் சுற்றினால், நோயுள்ள காம்புப் பால் கஞ்சி மாதிரி கெட்டிப்படும். கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளை அணுக்கள் பாலில் நிறைய இருப்பதால் அப்படி ஆகிறது. உங்கள் சங்கத்திலோ கால்நடை மருந்தகத்திலோ கேளுங்கள், ஒரு நிமிட வேலை.

இதற்கு உடனே ஆன்டிபயாடிக் தேவைப்படாமல் போகலாம். சுத்தத்தைத் திருத்தினாலே பல மாடுகள் சரியாகின்றன. கறந்து முடித்ததும் காம்பின் துளை அரை மணி நேரம் வரை திறந்தே இருக்கும். அந்த நேரம் மாடு படுக்காமல் இருக்க, கறந்தவுடன் தீனி போடுங்கள். போவிடோன் அயோடின் கரைசலில் காம்பை முக்கி எடுங்கள். அப்படியும் நோய் விடாத மாட்டுக்குப் பால் வற்றச் செய்யும் நாளில் நாலு காம்பிலும் நீண்ட நாள் வேலை செய்யும் ட்யூப் ஏற்றுவது உண்டு. கன்று ஈனுவதற்கு 60 நாள் இருக்கும்போது அது நடக்கும். பால் கறக்காத நாட்கள் என்பதால் பால் வீணாவதும் இல்லை.

சோத்துக் கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்பு போட்டாலே போதும்னு சொல்றாங்களே?

சொல்வது வெறும் பேச்சில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பல ஆண்டுகள் பரப்பிய மரபு வைத்தியம் இது. தேசியப் பால்வள வாரியமும் இதைச் சொல்லித் தருகிறது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, மடியைக் கழுவிக் கறந்தபின் தண்ணீர் கலந்து நாள் முழுக்கப் பல தடவை பூச வேண்டும். தொடக்க நிலை வீக்கத்துக்கு நானே என் மாட்டுக்குப் போட்டுப் பலன் கண்டிருக்கிறேன்.

அதே சமயம் மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தால், தீனியை விட்டிருந்தால், பாலில் ரத்தமோ சீழோ வந்தால் பூச்சு மட்டும் போதாது. பூசிக்கொண்டே மருத்துவரையும் கூப்பிடுங்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

அஞ்சு நாள் ஊசின்னு எழுதினாங்க. மூணு நாள்லயே மாடு நல்லாயிடுச்சு. மிச்சம் எதுக்கு?

இதை என் வீட்டிலேயே செய்து நஷ்டப்பட்டேன். ஆறு வருடம் முன்னால் எங்கள் கலப்பின மாட்டுக்குப் பின்பக்க வலது காம்பில் மடிநோய். மூன்றாம் நாள் பால் வெள்ளையாக வந்தது. நிறுத்திவிட்டோம். பதினைந்து நாளில் திரும்பி வந்தது. மிச்சம் வைத்திருந்த மருந்தையே போட்டோம், அசையவில்லை. மருத்துவர் வந்து வேறு மருந்துக்கு மாற்றுவதற்குள் அந்தக் காம்பு வற்றிவிட்டது. பிறகு அந்த மாடு மூன்று காம்பில்தான் கறந்தது. விற்கும்போது விலையும் அதற்குத் தக்கபடிதான் கேட்டார்கள்.

மூன்று நாளில் செத்தது எளிதில் சாகும் கிருமி. கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் கிருமி மடித் திசுவுக்குள் ஒளிந்திருந்து மறுபடி பெருகும். எத்தனை நாள் என்பது நோய்க்கு நோய் மாறும், சிலதற்கு மூன்று நாளே போதும். ஐந்து நாள் எழுதியிருந்து சீக்கிரம் நிறுத்த நினைத்தால், அவரையே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நாமாக நிறுத்தக் கூடாது.

போன தடவை மிச்சமான பாட்டில் ஃபிரிட்ஜ்ல இருக்கு. அதே நோய் மாதிரிதான் தெரியுது. போடலாமா?

வேண்டாம். மேலே சொன்ன கதைதான் நடக்கும். தண்ணீர் கலந்த பொடி மருந்து சில நாளிலேயே வீரியம் இழக்கும். அரை வீரியமுள்ள மருந்து கிருமிக்குப் பயிற்சி கொடுப்பது போல.

மருந்து பழகிப்போச்சுன்னு சொல்றாங்களே, மாட்டுக்குப் பழகுமா, கிருமிக்கா?

கிருமிக்கு. பாக்டீரியா சில 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். கோடிக்கணக்கில் பெருகும்போது ஒன்றிரண்டு தற்செயலாக மருந்தைத் தாங்கும் தன்மையோடு பிறக்கும். நாம் மருந்து போட்டதும் மற்றவை செத்து, இவற்றுக்கு இடமும் தீனியும் கிடைக்கும். போதாக்குறைக்கு, மருந்தைத் தாங்கும் அந்தத் திறனை ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும்.

என் கொட்டாயில் பழகிய கிருமி என் கொட்டாயோடு நிற்பதில்லை. சாணத்தில், பால் கறப்பவர் கையில், சந்தையில் கைமாறும் மாட்டில் ஊருக்கே போகும். நான் தப்பாகப் போட்ட ஊசியால் அடுத்த தெருக்காரர் மாட்டுக்கு மருந்து கேட்காமல் போகும். ஊர்ப் பொதுக் கிணற்றைப் போலத்தான் இந்த மருந்தும். நான் இதைத் தொகுக்க உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

விலை ஜாஸ்தியா இருக்கிற மருந்துதானே நல்ல மருந்து?

கிருமிக்கு எது பொருந்துகிறதோ அதுதான் நல்ல மருந்து. விலை குறைந்த பென்சிலினுக்கே இன்றும் சரியும் நோய்கள் இருக்கின்றன. செஃப்ட்ரையாக்சோன் மாதிரி மருந்துகள் மனிதர்களுக்குக் கடுமையான தொற்று வந்தால் மருத்துவமனையில் போடுபவை. சாதாரணக் காய்ச்சலுக்கெல்லாம் மாட்டுக்கு அதைப் போட்டால், நம் வீட்டுக் குழந்தைக்கு வேண்டும்போது அது கேட்காது.

எது பொருந்தும் என்று பார்க்கத்தான் அந்தப் பால் மாதிரி. ஆய்வகத்தில் கிருமியை வளர்த்து, பல மருந்து வில்லைகளை அதன் மேல் வைத்து, எதைச் சுற்றிக் கிருமி வளரவில்லை என்று பார்ப்பார்கள். இரண்டு மூன்று நாள் ஆகும். ஒருமுறை ஊசி போட்டுவிட்டால் கிருமி ஆய்வில் சரியாக வளராது, அதனால்தான் முன்னாலேயே பிடிக்கச் சொன்னேன். காம்பைத் துடைத்து, முதல் பீச்சை விட்டுவிட்டு, ஐஸ் வைத்து எடுத்துப்போங்கள். நம் பக்கத்துக்கு நாமக்கல்லிலும் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே கொடுப்பது என்று உங்கள் மருந்தகத்திலேயே வழி சொல்வார்கள்.

ஊசி போட்ட மாட்டுப் பாலை எத்தனை நாள் ஊத்தக் கூடாது?

மருந்து அட்டையில் எழுதியிருக்கும் நாள். நம் நாட்டு மருந்து விதிகளில் 2012 இல் வந்த திருத்தப்படி, கால்நடை மருந்தின் மேல் அந்த நாட்களை அச்சிட வேண்டும். அந்த மருந்துக்குத் தனியாகச் சோதித்து நாள் வகுக்கப்படவில்லை என்றால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கறிக்குக் குறைந்தது 28 நாள். கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும், முதல் ஊசியிலிருந்து இல்லை. ஒரு காம்பில் மட்டும் ட்யூப் ஏற்றினாலும் நாலு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும். மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற பங்குகளுக்கும் போகும்.

ஏழு நாள் பால் என்றால் எவ்வளவு பணம் என்று தினமும் கணக்கு எழுதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு கேனில் ஊற்றிய ஐந்து லிட்டர், டேங்கில் மொத்த ஊர்ப் பாலோடும் கலக்கிறது. மருந்து வாங்கும்போதே எத்தனை நாள் பால் ஒதுக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மருந்தில் குறைந்த நாள் உள்ளதை மருத்துவர் எழுதித் தர முடியும்.

நல்லாக் காய்ச்சினா மருந்து போயிடாதா?

போகாது. கிருமி சாகும், மருந்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒருமுறை உறவுக்காரர் வீட்டில் மூன்று நாளாகத் தயிர் உறையவில்லை என்று உறை மோரை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். விசாரித்தால் ஊசி போட்ட மாட்டுப் பால். காய்ச்சிய பிறகும் பாலில் இருந்த மருந்து உறை மோர்ப் பாக்டீரியாவைக் கொன்றிருந்தது. பென்சிலின் ஒவ்வாதவர் அந்தப் பாலைக் குடித்தால் தடிப்பு வரலாம்.

ஆனால் தயிர் உறைந்துவிட்டது, அதனால் மருந்து இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறைந்த அளவு மருந்து இருந்தாலும் உறையும்.

கீழ ஊத்த மனசே வரல. கன்னுக்குட்டிக்குக் கொடுத்துடலாமா?

மனசு வராதது புரிகிறது. ஆனால் கன்றின் குடலுக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போனால், மேலே சொன்ன "பழகிய" கிருமி அங்கேயே உருவாகும். நாளைக்கு அதற்குக் கழிச்சல் வந்தால் மருந்து கேட்காது. கிணறு, ஓடை, சாக்கடை பக்கம் போகாமல் தூரமாகக் குழி தோண்டி ஊற்றுங்கள்.

கன்னுக்குட்டி வெள்ளையா கழியுது. என்ன மாத்திரை?

முதலில் தண்ணீர். கழிச்சலில் கன்றைக் கொல்வது உடம்பின் நீரும் உப்பும் வெளியே போவதுதான். குளுக்கோஸ் உப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள், பாலை முழுதாக நிறுத்தாதீர்கள். காரணம் பாக்டீரியா, வைரஸ், குடற்புழு, அளவுக்கு மேல் குடித்த பால் என்று எதுவாகவும் இருக்கலாம். ரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் இருந்தாலோ, எழ முடியாமல் படுத்தாலோ மருத்துவர்.

பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்த கன்றுக்கு இதெல்லாம் குறைவாகவே வரும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருந்து சீம்பாலைத் தாமதிக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மலையில இருக்கோம். டாக்டர் வர அரை நாள் ஆகும். நாங்களே ஊசி வாங்கிப் போட்டுக்கலாமா?

என் பிறந்த வீட்டுக்காரர்களே கேட்கும் கேள்வி. மழையிலும் பனியிலும் காப்பித் தோட்டத்துப் பாதையில் மாட்டைக் கீழே இறக்க முடியாது என்பதை நான் பார்த்து வளர்ந்தவள். போனிலாவது மருத்துவரிடம் பேசிவிடுங்கள். புண்ணையும் சாணத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். அவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில், ஊசி போடத் தெரிந்தவரை வைத்துப் போடுவது ஒன்று. கடைக்காரர் எடுத்துத் தருவதைப் போடுவது வேறு. ஆன்டிபயாடிக்குக்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என்பது சட்டம்.

மலையில் மழைக்காலம் வந்தால் ஆடுகள் நொண்டும். குளம்பிடுக்கில் சேறு தங்கி அழுகி, நாற்றம் வரும். தொடக்கத்திலேயே கழுவிக் காயவைத்து, தாமிர உப்பான மயில் துத்தக் கரைசலில் காலை முக்கி, உயரமான பரண் கொட்டாயில் கட்டினால் பல ஆடுகளுக்கு ஊசியே வேண்டாம். செம்மறி அந்தக் கரைசலைக் குடித்துவிடாமல் பாருங்கள், தாமிரம் அதற்கு விஷம். வாயிலும் புண் இருந்தால் அது கோமாரியாக இருக்கலாம், உடனே சொல்லுங்கள்.

மேச்சேரிச் செம்மறிக் குட்டி நல்லா மேய்ஞ்சுட்டு வந்து துள்ளி விழுந்து செத்துப்போச்சு. ஊசி போட்டிருந்தா பிழைச்சிருக்குமா?

துள்ளுமாரி என்றால் பெரும்பாலும் பிழைத்திருக்காது. மழைக்குப் பின் வரும் இளம்புல்லைக் கொழுத்த குட்டி அதிகம் தின்றதும் குடலில் இருக்கும் பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்குகிறது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், கக்கிய நஞ்சை முறிக்காது. மழைக்கு முன் தடுப்பூசி ஒன்றே வழி.

தடுப்பூசி போட்ட மறுநாள் மாட்டுக்குக் காய்ச்சல். ஆன்டிபயாடிக் போடலாமா?

லேசான காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் தானாகப் போகும். அடைப்பான் தடுப்பூசியும் கன்று வீச்சுத் தடுப்பூசியும் உயிருள்ள, வலுவிழந்த பாக்டீரியாக்கள். அதோடு ஆன்டிபயாடிக் போட்டால் தடுப்பூசியே செத்துவிடும். கோமாரித் தடுப்பூசிக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது வைரஸ். ஏற்கெனவே மருந்தில் இருக்கும் மாடு என்றால் தடுப்பூசி போட வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோழித் தீவனத்துல கலந்துட்டா நோயே வராது, எடையும் கூடும்கிறாங்களே?

உலகம் முழுக்க அப்படிச் செய்தார்கள், அதன் பலனைத்தான் இப்போது பார்க்கிறோம். தினமும் சிறு அளவு என்பது ஃபிளெமிங் பயந்த அதே விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை 2006 இல் முழுக்க நிறுத்தியது. கோலிஸ்டின் என்ற மருந்து, வேறு எதுவும் கேட்காத மனிதர்களுக்குக் கடைசியாகப் போடுவது. அதைத் தாங்கும், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் மரபணு சீனாவில் பன்றிகளிடம் இருந்ததை 2015 இல் வெளியிட்டார்கள். இந்தியா 2019 இல் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது.

நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் நம் ஊர்க் கொல்லைக் கோழிக்கும் பண்ணை மருந்து எளிதாக வந்துவிடுகிறது. வெள்ளைக் கழிச்சலுக்கு அது உதவாது, அது வைரஸ். இடத்தைக் காயவைப்பதும், தண்ணீர்ப் பாத்திரத்தை நாள்தோறும் கழுவுவதும், தடுப்பு மருந்தும்தான் பாதுகாப்பு.

திடீர்னு மாடு செத்துப்போச்சு. மூக்குல, ஆசனவாயில ரத்தம். என்ன ஆச்சுன்னு அறுத்துப் பார்க்கலாமா?

அறுக்கவே கூடாது. உறையாத கருத்த ரத்தம் வந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். உடம்பைத் திறந்து காற்றுப் பட்டால் அந்தப் பாக்டீரியா ஓடு போட்டுக்கொண்டு மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். மனிதருக்கும் வரும். தோலை உரிக்காமல், கறியைப் பங்கு போடாமல், நாய் நெருங்காமல் பார்த்து மருத்துவருக்குச் சொல்லுங்கள். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு அவர்கள் முன்னிலையில் புதைக்க வேண்டும். மற்ற மாடுகளுக்கு ஊசியா தடுப்பூசியா, எதற்குப் பின் எது என்பதை அவர்தான் முடிவு செய்வார். காரணம் முன்னால் சொன்ன தடுப்பூசிக் கேள்வியிலேயே இருக்கிறது.

எட்டாம் மாசம் கன்னு வீசிடுச்சு. ஆன்டிபயாடிக் போட்டா அடுத்த தடவை நிக்குமா?

கன்று வீச்சு நோய் என்றால் ஆன்டிபயாடிக்கால் மாட்டைக் குணமாக்க முடிவதில்லை. அந்தப் பாக்டீரியா மாட்டின் அணுவுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துவிடும், மருந்து அங்கே போதுமான அளவு எட்டாது. ஆனால் கன்று வீசுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அதனால் ரத்தப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உறுதியானால் அந்த மாட்டைத் தனியே வைக்க வேண்டும்.

விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், கையுறை இல்லாவிட்டால் கெட்டியான பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். பச்சைப் பாலைக் குடிக்காதீர்கள். மனிதருக்கு வந்தால் விட்டு விட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டு வலி என்று மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டு ஆன்டிபயாடிக்குகளை ஆறு வாரம் சேர்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும். அப்படிக் காய்ச்சல் வந்தால், வீட்டில் மாடு கன்று வீசியது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார்.

கிடேரிக் கன்றுக்கு நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரே ஒரு தடுப்பூசி, வாழ்நாளுக்கும் அது போதும். அரசு முகாமில் இலவசமாகப் போடுகிறார்கள். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் அதைப் போடக் கூடாது. உங்கள் கன்று பிறந்த தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். முகாம் வரும் தேதியைச் சங்கப் பலகையில் நான் எழுதிப் போடுகிறேன்.